பந்தைப் பார்க்காத ஆள்

வாலிபால் ஆட்டத்தில் மைதானத்தைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் பந்தைப் பார்க்கலாம். பார்க்கக் கூடாத ஒரே ஆள், மேலே ஏறி விசிலோடு நிற்பவர்தான். விதிப்புத்தகம் இதை இப்படிச் சொல்லாது. முதல் நடுவரின் கண்மட்டம் வலையின் மேல்விளிம்புக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அந்த உயரத்துக்கு ஏறிய பிறகு கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் தொழில்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டை, தூத்துக்குடி வட்டாரத்தில் விசில் ஊதியே வாலிபம் போனது. இப்போது புதிதாக நடுவர் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். விதியை எண்ணோடு ஒப்பிக்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அந்த விதி ஏன் வந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். எனக்கு அங்கேதான் தொடங்கத் தோன்றும். வாலிபால் விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தகராறு கிடக்கிறது. விதி மாறிய ஒவ்வொரு தடவையும் நடுவரின் கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

1895-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹோலியோக் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். கூடைப்பந்து இளவட்டங்களுக்குச் சரி. அலுவலகம் முடிந்து வருகிற நடுவயதுக்காரர்களுக்கு அந்த ஓட்டமும் இடிபாடும் ஆகாது என்று நினைத்தார். டென்னிஸ் வலையைத் தரையிலிருந்து ஆறரை அடிக்குத் தூக்கிக் கட்டினார். முதலில் வைத்த பெயர் மின்டனெட். அடுத்த வருஷம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது அணிக்கு ஐந்து பேர். ஓர் அணிக்கு ஹோலியோக் மேயர் தலைவர், எதிரணிக்குத் தீயணைப்புப் படைத் தலைவர். மேயரும் தீயணைப்புத் தலைவரும் எதிரெதிரே நிற்கிற ஆட்டத்தில் விசில் ஊத யாருக்குத் துணிச்சல் வந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அங்கே பார்த்த ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் என்பவர் சொல்லித்தான் வாலிபால் என்ற பெயர் நிலைத்தது.

மார்கனின் விதிகள் 1897-ல் அச்சில் வந்தன. இன்றைய நடுவருக்கு அவற்றைப் படித்தால் தலை சுற்றும். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டலாம். வலையிலிருந்து நாலடி தள்ளி ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும் ஒரே ஆள் பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுபோகலாம். எல்லைக்கோட்டில் விழுந்த பந்து வெளியே போனதாகக் கணக்கு. இன்றைக்குக் கோட்டைப் பந்து உரசினாலே உள்ளே. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தக் கோடு முழுக்க ஆடுகளத்தைச் சேர்ந்தது. அப்படியென்றால் அன்றைய நடுவருக்குப் பார்க்க என்ன இருந்தது? பந்து வலையில் பட்டதா, தரையில் விழுந்ததா, எங்கே விழுந்தது, அவ்வளவுதான். பந்தோடு கண் போனால் போதும். ஆறு பேர் என்பதும், மூன்று தொடுகை என்பதும், பதினைந்து புள்ளி என்பதும் முதல் உலகப்போரை ஒட்டிய வருஷங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. மூன்று தொடுகை என்று விதி எழுதிய அன்றே, எண்ணுகிற வேலை நடுவர் தலையில் விழுந்துவிட்டது. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை தொட்டால் தவறு என்றதும் பந்திலிருந்து கைக்குக் கண் இறங்க வேண்டியதாயிற்று.

நம் ஊருக்கு ஆட்டம் வந்த வழியும் ஒய்.எம்.சி.ஏ. வழிதான். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1919-ல் சென்னைக்கு வந்து, 1920-ல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். தென்னாட்டுப் பள்ளிகளின் டிரில் மாஸ்டர்கள் பலர் அந்த வாசலிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள். போன இடத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்கள்தான், கோடு போட்டவர்களும் அவர்கள்தான், விசில் ஊதியவர்களும் அவர்கள்தான். பக் தொகுத்த விளையாட்டு விதிகள் புத்தகம் பல பதிப்பு கண்டது. நான் அங்கே படித்த காலத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அதன் கிழிந்த பதிப்பொன்று கிடைத்தது. ஆட்டத்துக்குச் சில பக்கம்தான். இன்றைக்கு வாலிபால் விதிப்புத்தகம் மட்டுமே தனி நூல். அதற்கு விளக்கக் கேள்வி பதில்கள் இன்னொரு நூல். ஒரு நூற்றாண்டில் தகராறுகள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்பதற்கு அந்தப் பருமனே கணக்கு.

1936-ல் லாகூரில் மாநிலங்களுக்கு இடையிலான முதல் போட்டி நடந்தது. அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கம்தான் வாலிபாலையும் கவனித்துவந்தது. பாரிஸில் சர்வதேச வாலிபால் சம்மேளனம் 1947-ல் உருவானது. இந்திய சம்மேளனம் 1951-ல் வந்தது. அதன் முதல் தேசியப் போட்டி 1952-ல் சென்னையில்தான். முன்னெல்லாம் மேலே நிற்பவரை ரெஃப்ரி என்றும், எதிரே கீழே நிற்பவரை அம்பயர் என்றும் விதி பிரித்துப் பேசியது. இப்போது முதல் நடுவர், இரண்டாம் நடுவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரிவினை எதுவும் கிடையாது. விசில் வைத்திருக்கிறவன் அம்பயர். தீர்ப்பு பிடிக்காவிட்டால் வேறு பெயர்களும் உண்டு.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பழைய டிரில் மாஸ்டர் ஒருவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப் பையில் எப்போதும் விசிலும் ஒரு துண்டு நூலும் இருக்கும். நூல் எதற்கென்றால், வலையின் இரு முனை உயரமும் சமமா என்று பார்க்க. ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. பனங்கம்பத்தில் கட்டிய பருத்தி வலை பனி இறங்கினால் நடுவில் தொய்ந்துவிடும். இரண்டாவது செட்டுக்குள் நாலு விரற்கடை இறங்கியிருக்கும். உயரமாக எகிறத் தெரியாத அணி அதைக் கண்டும் காணாமல் இருக்கும். அண்ணாச்சி ஒவ்வொரு செட் முடிவிலும் இறங்கிப்போய் நடுவில் அளந்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்.

கோயில் கொடைக்கு மின்னொளிப் போட்டி. இரண்டு டியூப் லைட்டைக் கம்பில் கட்டியிருப்பார்கள், சுற்றிலும் ஈசல். நடுவர் மேடை என்று தனியாக எதுவும் இருக்காது. பள்ளிக்கூட மேசைமேல் பெஞ்சு, அதன்மேல் அண்ணாச்சி. என்னைக் கீழே தன் காலடியில் நிறுத்திவைத்தார். லிஃப்டர் பந்தைத் தூக்கிவிட்டதும் என் தலையும் பந்தோடு மேலே போனது. மேலேயிருந்து காலால் என் தோளில் ஒரு தட்டு.

“ஏலே, பந்து அதும்பாட்டுக்குப் போவும். அது எங்கயும் ஓடிராது. லிஃப்ட் போட்டாச்சுன்னா ஒம் வேல முடிஞ்சிது, கண்ண எடு. அடிக்கப் போறவன் கையப் பாரு. அடிச்சிட்டானா, வலையில நில்லு.”

“அப்ப பந்து எங்க விழுதுன்னு யாரு பாக்க, அண்ணாச்சி?”

“அதுக்குத்தான கொடியோட ரெண்டு பயலுவ நிக்கானுவ. அவம் பாப்பான். நீ அவனப் பாரு.”

நடுவர் வேலை முழுவதும் அந்தச் சில வாக்கியங்களுக்குள் அடங்கும். அதன் பிறகு நான் படித்த கையேடுகள், கேட்ட வகுப்புகள் எல்லாம் அதன் விரிவுரைதான். வலைக்கு அருகே பந்து வருகிறபோது அதைவிட்டு வலைக்குக் கண்ணைக் கொண்டுபோவதற்கு உடம்பு லேசில் சம்மதிக்காது. கண்ணுக்கு இயற்கை, அசைகிற பொருளைத் துரத்துவது. அதைப் பழக்கி நிறுத்த நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பயிற்சி ஒன்று உண்டு. பயிற்சி ஆட்டத்தில் விசில் இல்லாமல் மேலே ஏற்றி நிறுத்துவேன். ஒரு செட் முழுவதும் வலையின் மேல்நாடாவைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. எத்தனை கை உரசியது, யாருடைய கை என்று மட்டும் சொல்ல வேண்டும். ஸ்கோர் என்ன என்று கடைசியில் கேட்பேன். தெரியாது என்று சொல்கிற பையன்தான் தேறியவன்.

அண்ணாச்சி தலைமுறையின் நடுவர்களுக்குக் கண்ணுக்கு இணையாகக் காதும் வேலை செய்தது. விரலால் எடுத்த பந்து சுத்தமாகப் போனால் சத்தமே வராது. டபுள் டச் என்றால் இரண்டு தட்டுச் சத்தம். பிடித்து விட்டால், அதாவது ஹோல்டிங், மொத்தையாக ஒரு சத்தம். சத்தத்தை வைத்தே விசில் ஊதிவிடுவார்கள். அந்தக் கண்டிப்புக்கு ஒரு விளைவு உண்டு, அது ஆட்டத்தையே மாற்றியது. முன்காலத்தில் எதிரணி போடுகிற சர்வீஸையும் தலைக்கு மேல் விரலால்தான் எடுப்பார்கள். வேகமாக வருகிற பந்தை விரலில் வாங்கினால் எப்படியும் கொஞ்சம் தங்கும் அல்லது இரண்டு கையில் முன்பின்னாகப் படும். நடுவர்கள் அதற்கெல்லாம் ஊத ஊத, ஆட்டக்காரர்கள் விரலை மடக்கிக்கொண்டு முன்னங்கையை நீட்டினார்கள். இன்றைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற அண்டர் ஹேண்ட், ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் இப்படி விசிலுக்குப் பயந்து வளர்ந்த வித்தை. ஆட்டக்காரர்தான் ஆட்டத்தை வளர்க்கிறார் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் நடுவர் சாதிக்கும் பங்கு உண்டு என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதன்முதலாகச் சேர்ந்தது. பெண்கள் பிரிவின் கடைசி ஆட்டத்தில் ஜப்பானும் சோவியத் யூனியனும். தய்மாட்சு ஹிரோபுமி பழக்கிய ஜப்பான் பெண்கள் உருண்டு புரண்டு பந்தெடுத்தது உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தத் தங்கம் உறுதியான கடைசிப் புள்ளி பிரமாதமான ஓர் அடியால் வரவில்லை. மூன்றாவது செட்டில் 14-13. சோவியத் வீராங்கனையின் கை வலைக்கு மேலே எதிர்ப்பக்கம் நீண்டு பந்தைத் தொட்டது என்று நடுவர் விசில் ஊதினார், ஓவர் நெட், ஆட்டம் முடிந்தது. ஜப்பானில் அன்று தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஆட்டத்தைப் பார்த்ததாகக் கணக்கு இருக்கிறது. அத்தனை கண்ணும் பந்தின்மேல் இருந்திருக்கும். ஒருவர் மட்டும் வலைக்கு மேலே கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோக்கியோவுக்குப் பிறகு, வலையோரம் எகிறித் தடுக்கிறவர், அதாவது பிளாக் செய்கிறவர், கையை எதிர்ப்பக்கம் நீட்டலாம் என்று விதி தளர்ந்தது. எதிராளி அடிக்கும் முன்னால் பந்தைத் தொடக் கூடாது என்கிற எல்லை மட்டும் மிச்சம். இதனால் வேலை குறைந்தது என்று நினைக்கக் கூடாது. முன்பு கை தாண்டியதா என்று இடத்தைப் பார்த்தால் போதும். இப்போது அடி முந்தியா, தொடுகை முந்தியா என்று நேரத்தைப் பார்க்க வேண்டும்.

ஆன்டெனா வந்தது அறுபதுகளின் கடைசியில். பக்கக் கோட்டுக்கு நேர்மேலே பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்ற சண்டைக்கு அதுதான் முடிவு கட்டியது. 1.80 மீட்டர் நீளக் குச்சி, சிவப்பும் வெள்ளையும் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு மாறி மாறி, வலைக்கு மேல் 80 சென்டிமீட்டர் நிற்கும். முதலில் இரண்டுக்கும் இடையே 9.40 மீட்டர், 1976-ல் 9 மீட்டராக உள்ளே தள்ளினார்கள். எங்கள் பக்கம் அது வெகு நாள் கழித்துத்தான் வந்தது. மூங்கில் சிம்பைச் சீவி, நெற்றிக் குங்குமத்தைக் குழைத்துப் பட்டை போட்டுக் கட்டிய ஆன்டெனாக்களை நான் பார்த்திருக்கிறேன். பந்து பட்டால் சிவப்பு பந்தில் ஒட்டும். வீடியோ சாட்சி இல்லாத காலத்தில் அதைவிட நல்ல சாட்சி ஏது! கோடும் அப்படித்தான். சுண்ணாம்புக் கோட்டில் பந்து விழுந்தால் வெள்ளைத் தூசு எழும்பும். மரத்தரைக்குப் போன பிறகு கோட்டு நடுவருக்கு அந்த உதவியும் போயிற்று. அவரும் பந்தைத் துரத்தக் கூடாது. பந்து வருவதற்கு முன்பே கண் கோட்டுக்குப் போய்க் காத்திருக்க வேண்டும்.

அதே 1976-ல் இன்னொரு மாற்றம். பிளாக்கில் பட்ட பந்து ஒரு தொடுகையாக எண்ணப்படாது, அதற்குப் பிறகும் மூன்று உண்டு என்றார்கள். ரேலி நீண்டது, பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். நடுவருக்குத்தான் பழைய தலைவலி தீரவில்லை. அடித்த பந்து பிளாக்கர் விரல்நுனியில் பட்டுப் போனதா, படாமல் போனதா? பட்டு வெளியே போனால் தவறு பிளாக் செய்த அணிக்கு, படாமல் போனால் அடித்த அணிக்கு. விரல்நுனி பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பரீட்சைக்கு வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். பந்தின் சுழற்சியைப் பார் என்பேன். விரல் உரசிய பந்தின் சுழல் சட்டென்று மாறும் அல்லது செத்துப்போகும். பிளாக்கரின் முகமும் சொல்லும், ஆனால் அதை நம்பி விசில் ஊதாதே என்றும் சேர்த்துச் சொல்வேன். நம் பசங்கள் நடிப்பதில் சினிமாக்காரர்களுக்கு இளைத்தவர்கள் இல்லை.

இவற்றையெல்லாம்விட நடுவர் தொழிலைப் புரட்டிப்போட்டது புள்ளிக் கணக்கு மாறியதுதான். பழைய முறையில் சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணி ஜெயித்தால் சர்வீஸ் கை மாறும், அவ்வளவே. ஊர் முழுக்க ‘சேஞ்ச்!’ என்று கத்தும். ஒரு மணி நேரம் ஆடியும் ஸ்கோர் 6-5-ல் நிற்கும். அந்த முறையில் நடுவர் ஒரு தப்புத் தீர்ப்பு கொடுத்தாலும் பாதி நேரம் சர்வீஸ்தான் போகும், புள்ளி போகாது. ஆட்டம் அதை விழுங்கிவிடும். அதனால் அந்தக் கால நடுவர்களிடம் ஒரு தாராளம் இருந்தது. இங்கே ஒன்று ஊதி, அங்கே ஒன்று ஊதிச் சரிக்கட்டுகிற பழக்கமும் இருந்தது. பெரிய பெயரெடுத்தவர்களே அதைச் செய்தார்கள். அதை நேர்மைக் குறைவு என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

1988-ல் ஐந்தாவது செட்டுக்கு மட்டும், யார் சர்வீஸ் போட்டாலும் ஜெயித்த அணிக்குப் புள்ளி என்கிற ரேலி பாயின்ட் வந்தது. 1998-ல் எல்லா செட்டுக்கும் அதுவே என்று சர்வதேச சம்மேளனம் முடிவெடுத்தது. முதல் நாலு செட் 25, ஐந்தாவது 15. தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஆட்டம் எப்போது முடியும் என்று தெரிய வேண்டியிருந்தது. 1984 முதல் தலைவராக இருந்த ரூபன் அகோஸ்டா அந்தப் போக்குக்காரர். காரணம் எதுவாக இருந்தாலும், அன்றிலிருந்து நடுவர் விசில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. சரிக்கட்டுகிற பழக்கத்துக்கு இடமே இல்லாமல் போனது. 24-23-ல் லிஃப்டர் கையில் பந்து கொஞ்சம் தங்கினால் ஊதுவதா, விடுவதா? முதல் செட் 3-2-ல் எதை விட்டாயோ அதை இங்கேயும் விடு. எதை ஊதினாயோ அதை இங்கேயும் ஊது. ஆரம்பத்தில் போட்ட அளவை கடைசி வரை மாற்றாமல் வைத்திருப்பதுதான் இந்தக் காலத்து நடுவருக்கு முதல் தகுதி. காது கூர்மை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

விதிகளும் அதற்குத் தோதாகக் கையைத் தளர்த்தின. தொண்ணூறுகளின் நடுவில், முதல் தொடுகையில் பந்து இரண்டு கையில் முன்பின் பட்டாலும் பரவாயில்லை என்றார்கள். உடம்பின் எந்தப் பாகத்தாலும், காலால்கூடத் தொடலாம் என்றார்கள். பழைய மாஸ்டர்களுக்கு ஆறவில்லை. “இனி இது வாலிபாலா, ஃபுட்பாலா?” என்று ஒருவர் விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். நான் அந்தத் தளர்வின் பக்கம். பாய்ந்து எடுத்த பந்தைச் சத்தம் வந்தது என்பதற்காகச் சாகடிப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஆனால் லிஃப்டரின் இரண்டாவது தொடுகை வேறு. அங்கே சுத்தம் வேண்டும். 2024-ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில், பந்து அதே பக்கம் இருக்கிற வரை இரண்டாவது தொடுகைக்கும் டபுள் டச் கிடையாது என்று விதி வகுத்துவிட்டார்கள். அது நம் பக்கம் வராமல் இருந்தால் நல்லது. விரல்நுனி வித்தைக்கு மதிப்பு போய்விட்டால் லிஃப்டர் என்று தனியாக ஒருவன் எதற்கு?

வலைத் தொடுகை விதி போய்த் திரும்பிய கதை வேடிக்கையானது. தொட்டாலே தப்பு என்று காலங்காலமாக இருந்ததை 2009-ல் மாற்றினார்கள். மேல்நாடாவைத் தொட்டால்தான் தப்பு, கீழே வலையைத் தொட்டால் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை விடு என்று. நடுவர்கள் சிரமப்பட்டுக் கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள். 2015-ல் திரும்பவும், பந்தை ஆடுகிற வேளையில் ஆன்டெனாக்களுக்கு இடையே வலையில் எங்கே தொட்டாலும் தப்பு. பழையதை மறக்காமல் வைத்திருந்த கிழவர்களுக்குத்தான் அந்த வருஷம் யோகம்.

அட்டைகளும் அப்படியே. இது விஷயமாக நான் எல்லா வகுப்பிலும் சொல்கிற கதை 1992 பார்சிலோனா ஒலிம்பிக். ஆண்கள் பிரிவில் அமெரிக்காவும் ஜப்பானும். ஜப்பான் இரண்டுக்கு ஒன்று முன்னால். நாலாவது செட்டில் 14-13, ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவர்களுக்கு. அமெரிக்காவின் பாப் சாமுவெல்சன் தீர்ப்பை எதிர்த்துக் கத்த, நடுவர் இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டினார். அன்றைய விதிப்படி இரண்டாவது மஞ்சள் என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் எதிரணிக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை அவர் கொடுக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது, அமெரிக்கா அந்த செட்டையும் அடுத்ததையும் எடுத்து ஜெயித்தது. ஜப்பான் முறையிட்டது, மறுநாள் ஜப்பானே ஜெயித்ததாக முடிவு மாறியது. நோயினால் முடி இல்லாதவர் சாமுவெல்சன். அவருக்குத் துணையாக அணி முழுக்க மொட்டை போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வந்தது. கடைசியில் வெண்கலம் வாங்கியது. எல்லோரும் மொட்டையைத்தான் பேசுவார்கள். நான் அட்டையைப் பேசுவேன். அட்டையை எடுக்கிற முன்பே அதன் பின்விளைவு மனசில் இருக்க வேண்டும். 14-13-ல் ஒருவனை எச்சரிக்கிறோமா, ஆட்டத்தையே முடிக்கிறோமா என்று தெரியாமல் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோகக் கூடாது. இடையில் சில காலம் மஞ்சளுக்கே புள்ளி என்றிருந்தது. 2013 முதல் மறுபடி மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு புள்ளி.

இரண்டாம் நடுவர் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். எதிரே தரையில் நிற்கிற அவரை ஜனங்கள் சும்மா நிற்கிறவர் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் ஓடுகிறவர் அவர்தான். சர்வீஸ் போடும்போது எடுக்கிற அணியின் இடப்பிழையைப் பார்க்க வேண்டும். அடி விழப்போகிறபோது பிளாக் செய்கிற பக்கத்துக்கு இரண்டு எட்டு நகர்ந்து வலையின் அடிப்பகுதியும் நடுக்கோடும் பார்க்க வேண்டும். பந்து திரும்பினால் இவரும் திரும்ப வேண்டும். முதல் நடுவர் சைகை காட்டியதும் தானும் காட்ட வேண்டும். 1998-ல் தற்காப்புக்கென்று லிபரோ என்ற தனி ஆட்டக்காரர் வந்த பிறகு, நிறம் மாறிய சட்டையோடு ஒருவன் சொல்லாமல் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்க, அதைக் கணக்கு வைக்கவே ஸ்கோர் மேசையில் உதவியாளர் ஒருவர் கூடினார். என்னிடம் வருகிற பிள்ளைகளை முதலில் ஸ்கோர் ஷீட் எழுத உட்கார வைப்பேன். அடுத்தது கொடி. பிறகுதான் இரண்டாம் நடுவர். மேலே ஏற்றுவது கடைசியில். ஆட்டக்காரர்கள் இடம் சுற்றி வருகிற ரொட்டேஷனைத் தாளில் ஓட்டிப் பழகாதவனுக்குத் தரையில் ஆறு பேர் நிற்பது வெறும் கூட்டமாகத்தான் தெரியும். 2025-ல் வந்த புதுப் புத்தகத்தில் சர்வீஸ் போடுகிற அணிக்கு இடப்பிழையே கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். முதல் நடுவர் கண்ணுக்கு அந்த ஒரு கணத்தில் ஓய்வு கிடைத்திருக்கிறது. அதை சர்வீஸ் போடுகிறவன் காலில் செலவழி, கோட்டை மிதிக்கிறானா பார் என்கிறேன். விசிலுக்குப் பின் எட்டு விநாடிக்குள் அடிக்க வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கிறது.

சர்வதேச ஆட்டங்களில் நடுவருக்கு ஆட்டத்துக்கு முன் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லியும் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துக் கொடைப் போட்டிகளில் அந்தச் சோதனை நடுவருக்குத் தேவைப்படாது. கமிட்டிக்காரர்களுக்கு வைத்தால் நல்லது.

இப்போது வீடியோ. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அணிகள் தீர்ப்பை எதிர்த்துக் கேமராவைக் கேட்கலாம் என்று வந்துவிட்டது. பந்து கோட்டில் பட்டதா, பிளாக்கில் பட்டதா, வலையைத் தொட்டானா, ஆன்டெனாவில் பட்டதா, நடுக்கோட்டைத் தாண்டினானா, எல்லாம் திரையில். நடுவர் மானம் போகிறது என்று சிலர் புலம்பினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமரா எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். பட்டதா, படவில்லையா என்கிற கேள்விகளை மட்டும்தான். ஹோல்டிங் தீர்ப்பை எதிர்த்துக் கேமராவைக் கேட்க முடியாது. பந்து எவ்வளவு நேரம் தங்கினால் பிடித்தது என்று எந்தக் கருவியும் சொல்லாது. அது இன்னும் மேலே நிற்கிறவர் அளவுதான். அண்ணாச்சி காதால் செய்த அந்த வேலை மிஞ்சி நிற்கிறது.

பிள்ளைகள் இப்போது தங்கள் ஆட்டத்தை செல்போனில் எடுத்து வந்து காட்டுகிறார்கள். நல்லதுதான், ஆனால் ஆட்டத்தை எடுத்துவருகிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறு. செல்போனைத் திருப்பி நடுவர் முகத்துக்கு வை என்கிறேன். லிஃப்ட் போன கணத்தில் கருவிழி எங்கே போகிறது, விசிலுக்கும் கைச் சைகைக்கும் இடையே எத்தனை நேரம், எந்த அணிக்கு சர்வீஸ் என்று முதலில் காட்டிவிட்டுத் தவறு என்ன என்று பிறகு காட்டினானா, விசிலை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறானா, எல்லாம் அதில் தெரியும். போன மாதம் ஒரு பெண் அப்படி எடுத்துக்கொண்டு வந்தாள், கபடி ஆடிவிட்டு வாலிபால் நடுவராக வந்தவள். மூன்று ரேலி ஓட்டிப் பார்த்தோம். முதல் இரண்டில் கண் பந்தோடு மேலே போய்வந்தது. மூன்றாவதில் போகவில்லை. “சார், இதுல நான் என்ன பாத்தேன்னே ஞாபகம் இல்ல, ஆனா நெட் டச் சரியா ஊதியிருக்கேன்” என்றாள். அவளை அடுத்த வாரப் போட்டிக்கு மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.